உம்மா கண்டுபிடிக்கும் கார்

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

பழைய படமொன்றில் வரும் காரின் படத்தைப் போட்டு, "இது என்ன கார்?" என்று இங்கே நாங்கள் அடிக்கடி கேட்பது உங்களுக்குத் தெரியும். பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் "மொரிஸ் மைனர்" என்பார்கள். ஒருவர் "ஏ போட்டி" என்பார். கடைசியாக ஓய்வுபெற்ற சேர் யாராவது வந்து "பியட்" என்பார். பிறகு இரவு முழுக்க வாக்குவாதம். "மாஸ்டர், வயது போன காலத்தில் உங்களுக்கு ஏன் இந்தக் கார்ப் பைத்தியம்?" என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

படம் பார்ப்பது பற்றி வேறு கருத்துள்ள சகோதரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்ப்பது கதையை அல்ல, கதவை. ஏன் கதவு என்று பின்னால் சொல்கிறோம்.

முதலில் பாடத்தை முடிப்போம்.

எங்கள் நாட்டுத் தெருக்களில் ஒரு காலத்தில் ஓடியவை பெரும்பாலும் ஆங்கிலேயக் கார்கள். மொரிஸ், ஒஸ்டின், ஹில்மன். அவற்றுக்கிடையே இத்தாலிக் கார் என்றால் அநேகமாக பியட் 1100தான். 1899இல் துரின் நகரில் தொடங்கிய கம்பெனி அது. பியட் என்ற பெயரே "இத்தாலிய மோட்டார் வாகனத் தொழிற்சாலை, துரின்" என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள். 1953இல் ஜெனீவா கார்க் கண்காட்சியில் புதிய 1100 அறிமுகமானது. 1089 சீசீ எஞ்சின், நான்கு கதவு. நான்கு கியரும் ஸ்டியரிங் தண்டில் இருந்தன. தனிச் சேஸி கிடையாது, உடம்பே சேஸி. எடை குறைவு, பெற்றோலும் குறைவு. ஆனால் எங்கள் ஊரின் உப்புக் காற்றுக்கு அந்த உடம்பு நல்ல தீனி. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் கறள் பிடித்தால், அது காரின் முதுகெலும்பில் பிடித்தது மாதிரி.

இதே காரை இந்தியாவில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரிமியர் கம்பெனி 1954 முதல் பம்பாயில் பொருத்தி விற்றது. முதலில் வந்ததன் பெயர் மில்லெசெந்தோ, இத்தாலிய மொழியில் "ஆயிரத்து நூறு". பம்பாய்க்காரர்கள் அதன் உருண்ட பின்பக்கத்தைப் பார்த்து "டுக்கர்" என்று பட்டம் வைத்தார்கள். மராத்தியில் அது பன்றி. இதை மட்டும் நாங்கள் உம்மாவிடம் சொல்லவில்லை. பிறகு எலிகன்ட், செலக்ட், சூப்பர் செலக்ட், டிலைட் என்று பெயர்கள் மாறின. 1974இல் பிரிமியர் பத்மினி ஆனது. நடிகை பத்மினியின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது சித்தூர் இராணி பத்மினியின் பெயர். இத்தாலியில் 1100 காரின் உற்பத்தி 1969இல் நின்றுபோனது. பம்பாயிலோ அந்த நூற்றாண்டு முடியும்வரை அதன் பிள்ளை ஓடிக்கொண்டிருந்தது. மும்பாய் வீதிகளில் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் ஓய்வுபெற்றது 2023 ஒக்டோபரில்தான்.

ஆகவே தமிழ்ப் படங்களில் நாம் பார்க்கும் பியட் பெரும்பாலும் பம்பாயில் செய்தது. எங்கள் ஊரில் ஓடியது துரினில் செய்து கப்பலேறி வந்தது. ஒரே வாப்பா உம்மாவுக்குப் பிறந்து வேறு வேறு ஊரில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி. முகம் ஒன்று, பழக்கத்தில் சின்னச் சின்ன வித்தியாசம்.

படத்தில் கண்டால் எப்படிப் பிரித்தறிவது? நாங்கள் பார்ப்பது ஐந்து இடங்களை.

ஒன்று, கதவு. பழைய 1100இல் முன்கதவின் பிணைச்சல் பின்னால் இருக்கும். பின்கதவும் அதே நடுத்தூணில்தான் தொங்கும். நான்கு கதவையும் திறந்துவிட்டால் புறா செட்டையை விரித்த மாதிரி நிற்கும். ஓடும்போது முன்கதவு தவறித் திறந்தால் காற்று அதை அப்படியே பிடித்து விரித்துவிடும் என்பதால் 1960களின் தொடக்கத்தில் துரினில் இதை மாற்றினார்கள். பம்பாயில் 1960களின் நடுவில் வந்த டிலைட்டிலும், பிறகு வந்த பத்மினியிலும் கதவு இப்போதைய கார்கள் மாதிரித்தான் திறக்கும். மொரிஸ் மைனரிலும் அப்படித்தான். ஆகவே கதாநாயகி காரிலிருந்து இறங்கும் ஒரு காட்சி கிடைத்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

இரண்டு, பின்பக்கம். 1953இல் வந்த மாடலின் டிக்கி உருண்டு இறங்கும். 1957இன் கடைசியில் வந்ததில் பின்பக்கம் நீண்டது. மட்கார்ட்டின் நுனி சின்னச் செட்டையாக மேலெழுந்தது. அமெரிக்கக் கார்களின் பெரிய செட்டையைப் பார்த்து ஆசைப்பட்ட காலம் அது.

மூன்று, முன் கிரில். 1953இன் வேக மாடலில் கிரில்லின் நடுவே மூன்றாவதாக ஒரு விளக்கு இருக்கும். அதைக் கண்டால் விட்டுவிடாதீர்கள், அது அபூர்வம்.

நான்கு, இலக்கத் தகடு. எங்கள் நாட்டில் ஈ.எல்., ஈ.வை. என்ற எழுத்துகள் இருந்தால் அது 1957க்கு முந்திய பதிவு. சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்த எழுத்துகள் அவை. அதற்குப் பிறகு வந்தது ஸ்ரீ. அந்த ஓரெழுத்தால் இந்த மாகாணத்தில் என்னென்ன நடந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். இந்தியப் படமென்றால் எம்.எஸ். என்று தொடங்குவது பழைய மதராஸ். ஆனால் படக் கம்பெனிகள் தகட்டை மாற்றுவதுண்டு, முழுதாக நம்ப வேண்டாம்.

ஐந்து, ஸ்டியரிங் எந்தப் பக்கம். நமக்கும் இந்தியாவுக்கும் வலது, இத்தாலிக்கு இடது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய படங்களில் காருக்குள்ளே பேசும் காட்சிகளை ஸ்டூடியோவில், பின்னால் திரையில் வீதியை ஓடவிட்டு எடுப்பார்கள். வெளியே ஓடுவது ஒரு கார், உள்ளே பாட்டுப் படிப்பது வேறொரு கார் என்று இருக்கலாம். ஒரு காட்சியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

வெளிநாட்டுப் படங்களுக்கு எங்கள் தம்பிதான் பொறுப்பு. கட்டாரில் இருக்கிறார். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்புவார். "த காட்பாதர்" படத்தில் சிசிலியில் குண்டு வெடித்துச் சிதறும் கார் அல்பா ரோமியோ. 1967இல் வந்த "த கிராஜுவேட்" படத்தில் கதாநாயகன் ஓட்டும் திறந்த கார் அல்பா ரோமியோ ஸ்பைடர். 1962இல் வந்த "இல் சொர்பாஸோ" என்ற இத்தாலியப் படத்தில் இரண்டு பேர் ரோமிலிருந்து கடலோரமாகப் பறந்து போகும் கார் லான்சியா அவுரேலியா. "த இட்டாலியன் ஜொப்" படத்தில் மலைப்பாதையில் தொடங்கும் முதல் கார் லம்போர்கினி மியூரா. பேரப்பிள்ளைகளுக்கு இவை ஒன்றும் தேவையில்லை. "கார்ஸ்" காட்டூனில் டயர் கடை வைத்திருக்கும் குட்டி மஞ்சள் லூய்கியை மட்டும் தெரியும். அதுவும் பியட்தான், 1959ஆம் ஆண்டு 500. அந்தக் குட்டிக் காரிலும் 1965 வரை கதவு மறுபக்கம்தான் திறந்தது என்று வகுப்பில் சொன்னோம். அன்று கணிதப் பாடம் நடக்கவில்லை.

தமிழ்ச் சினிமாவிலும் இத்தாலிக் காருக்கு ஒரு கதை உண்டு. 2019இல் "தர்பார்" இசை வெளியீட்டில் ரஜினிகாந்த் சொன்னார். ஆரம்ப காலத்தில் ஒரு தயாரிப்பாளர் அவமதித்து வெளியே அனுப்பிவிட, காசில்லாமல் நடந்து போனாராம். பிறகு இத்தாலிய பியட் ஒன்றை வாங்கி, அதே ஸ்டூடியோவுக்கு அந்தக் காரிலேயே போய் இறங்கினாராம். கார் என்பது வெறும் சாமான் அல்ல என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

பாடம் முடிந்தது. இனி எங்கள் விடயம்.

எங்கள் வாப்பா இந்த ஊரில் பியட் காரில் ஹயர் ஓடியவர். பழையவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். உள் துறைமுக வீதியில் நிற்கும். துறைமுக வேலைக்கு வரும் உத்தியோகத்தர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சிகள், கலியாண வீடு, கிண்ணியாவுக்குப் போகும் வியாபாரிகள் எல்லாருக்கும் அந்தக் கார்தான். அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை, 2009இல்தான் திறந்தார்கள். பாதையில் காரை ஏற்றிக் கரை சேர்க்க வேண்டும். வாப்பா 1998இல் மௌத்தானார். காரோ அதற்கு 19 வருடம் முந்தியே எங்களைவிட்டுப் போய்விட்டது.

வாப்பாவும் காரும் சேர்ந்து நின்ற படம் ஒன்று வீட்டுச் சுவரில் இருந்தது. ஒரே படம். 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டுக்குள் வந்து போனபோது சுவர் இருந்தது, படம் இல்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பிய வீட்டில் படத்துக்காக அழக்கூடாது என்று உம்மா சொன்னதால் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

உம்மாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. கடந்த சில வருடங்களாக மறதி. சாதாரண மறதி இல்லை, நோய். காலையில் சாப்பிட்டது பகலில் நினைவில்லை. பேரப்பிள்ளைகளின் பெயர் மாறுகிறது. சில நாள் ராத்தாவைப் பார்த்து "நீங்க எந்த ஊர் மகள்?" என்று மரியாதையாகக் கேட்பா. ராத்தா ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் நிற்பா.

கிளினிக்கில் டொக்டர் ஒருமுறை சொன்னார், புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை கடைசிவரை நிற்கும், பழையதைப் பேசவிடுங்கள் என்று. என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. "உம்மா, பழைய கதை சொல்லுங்க" என்றால் எந்த உம்மா சொல்வா?

ஒரு நாள் அஸருக்குப் பிறகு தொலைக்காட்சியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போய்க்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை, சத்தத்துக்காகப் போட்டிருந்தது. உம்மா திடீரென்று நிமிர்ந்தா.

"இந்தா வாப்பாட கார்."

நாங்கள் திரும்புவதற்குள் கார் போய்விட்டது. யூடியூபில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, அந்த இடத்தை நிறுத்திக் காட்டினோம். உம்மா கிட்ட வந்து பார்த்தா. பார்த்துவிட்டு, கேட்காமலேயே அரை மணித்தியாலம் பேசினா. பாதையில் கார் ஏறும்போது பலகை ஆடுவது, வாப்பா டயருக்குக் கல் வைப்பது, ராத்தா கைக்குழந்தையாக இருந்தபோது காரின் சத்தத்தில்தான் தூங்குவது. எங்களுக்குத் தெரியாத ஒரு வயதில் உம்மா இருந்தா, 23 வயது. முகமும் அப்படித்தான் மாறியிருந்தது.

அன்று தொடங்கியதுதான் இந்தக் கார்ப் பைத்தியம்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டோம். நாங்கள் முன்கூட்டியே படங்களைப் பார்த்து, பியட் வரும் இடங்களைக் குறித்து வைப்போம். தம்பி கட்டாரிலிருந்து வீடியோவில் சேர்ந்துகொள்வார். உம்மா நடுவில் இருப்பா. எந்தக் கார் என்றாலும் உம்மா பேசுவதில்லை. மொரிஸ் மைனரைக் காட்டினால் தேத்தண்ணி கேட்பா. ஒஸ்டினைக் காட்டினால் கண்ணை மூடிவிடுவா. பியட் வந்தால்தான் பேச்சு.

அதிலும் ஒரு நுட்பம் இருந்தது. "பண்ணையாரும் பத்மினியும்" என்று 2014இல் வந்த படம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வயதான பண்ணையாரிடம் நண்பர் ஒரு பத்மினிக் காரை விட்டுவிட்டுப் போவார். பண்ணையாருக்குக் கார் ஓட்டத் தெரியாது. விஜய் சேதுபதிதான் சாரதி. கணவர் காரோட்டப் பழகித் தன்னை ஒருநாள் ஏற்றிப்போக வேண்டும் என்பது மனைவியின் ஆசை. அருண்குமாரின் முதல் படம். இது உம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும் என்று முழுப் படத்தையும் போட்டோம். உம்மா கடைசிவரை இருந்து பார்த்தா. முடிந்ததும் சொன்னா:

"நல்ல புருசன் பொஞ்சாதி. ஆனா இது எங்கட கார் இல்ல. இதிட கதவு மாறித் துறக்குது."

எங்களுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மகளின் முகம் மறந்துபோன உம்மாவுக்குப் பிணைச்சல் எந்தப் பக்கம் என்பது மறக்கவில்லை. பத்மினியின் கதவு முன்பக்கப் பிணைச்சல். வாப்பாவின் கார் அதற்கு முந்தியது. உம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

"அந்தக் கதவு பொம்புளைகளுக்கு லேசு மகன். முதுகக் காட்டிக் குந்திட்டு, பொறகு கால உள்ளுக்கு எடுக்கிற. கையில புள்ள, உடுத்தது சாரி, வேற எப்புடி ஏறுற?"

பொறியியலாளர் ஆபத்து என்று மாற்றிய கதவு, கைக்குழந்தைக்காரிக்கு வசதி. எந்தக் கார்ப் புத்தகத்திலும் இதை நாங்கள் வாசித்ததில்லை.

இப்படியே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு துண்டு சேர்ந்தது. ராத்தாவுக்குப் பின்பக்கச் செட்டை ஞாபகம். பாடசாலை விட்டு வந்து கார் கழுவும்போது அதன் நுனியில் புத்தகப் பையைத் தொங்கவிடுவாவாம். தம்பிக்கு ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர் ஞாபகம். வாப்பாவின் மடியில் இருந்து அதைப் பிடித்துப் பார்த்தவர். நிறம் எங்கள் யாருக்கும் ஒத்துவரவில்லை. ஒருவர் சாம்பல் என்றார், ஒருவர் நீலம். படமோ கறுப்பு வெள்ளை. உம்மாவிடம் கேட்டோம். யோசிக்கவேயில்லை. "கூரை வெள்ள. கீழ, மழை வரப் போற நேரம் கொட்டியாரக் குடா இருக்குமே, அந்த நிறம்." கறுப்பு வெள்ளைப் படத்தின் நிறம் இப்போது உம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

கதவு பழைய மாதிரி, பின்னால் செட்டை. ஆகவே 1957இன் கடைசிக்கும் 1960களின் தொடக்கத்துக்கும் இடையில் செய்த கார். 1958 அல்லது 1959 என்று முடிவு செய்தோம். மாடலைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோசம். ஆனால் அந்த ஆண்டு இன்னொரு முடிச்சைப் போட்டது.

வாப்பா எல்லாரிடமும் சொல்லிவந்த கதை, அந்தக் கார் ஒரு பிரித்தானியக் கடற்படை ஒபிசரின் கார் என்பது. தளத்தை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போகிற அவசரத்தில் நல்ல விலைக்குத் தந்துவிட்டுப் போனார் என்பது. அந்தக் காலத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பாதி வீடுகளில் இப்படி ஒரு கதை உண்டு. கதிரை, மேசை, பீங்கான், எல்லாம் ஒபிசர் தந்தது. ஆனால் தளம் கைமாறியது 1957 ஒக்டோபரில். செட்டை வைத்த பியட் துரினிலேயே வெளிவந்தது அந்த வருடம் முடியும் தறுவாயில். அது கப்பலேறி, கொழும்பில் இறங்கி, ஒபிசர் கையில் ஓடி, அவர் விற்றுவிட்டுப் போவதற்குக் காலம் போதாது.

பேசாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தோம். மௌத்தான மனிதரின் வார்த்தை. தம்பிதான் "உம்மாவிடம் கேளுங்க, விரும்பினா சொல்லட்டும்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை படத்தில் பியட் வந்து நின்ற நேரம் மெதுவாகக் கேட்டோம். "உம்மா, இந்தக் கார வாப்பாக்கு நேவி ஒபிசரா தந்த?"

உம்மா சிரித்தா. சின்னப் பிள்ளை பிடிபட்டது மாதிரிச் சிரிப்பு.

"ஒபிசரும் இல்ல, ஒண்டும் இல்ல. அது என்ட காப்பு."

கண்டியில் ஒரு தோட்டத்துத் துரை விற்ற கார் அது. வருடம் 1963. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியிருந்த காலம். பழைய காருக்கும் புதுக்கார் விலை. வாப்பாவின் கையில் பாதிக் காசுதான் இருந்தது. உம்மாவின் உம்மா கலியாணத்துக்குப் போட்டுவிட்ட இரண்டு சோடிக் காப்பைக் கழற்றிக் கொடுத்திருக்கிறா. "பொஞ்சாதிட காப்ப வித்துக் கார் வாங்கின எண்டு ஊர் பேசும். உங்கட வாப்பா தலை குனிவாரு. நான்தான் ஒபிசர் எண்டு சொல்லச் சொன்ன."

ஆகவே அந்தப் பொய்க்குச் சொந்தக்காரி உம்மா. வாப்பா சொல்லச் சொன்னதைச் சொன்னவர். முப்பத்தைந்து வருடம், மௌத்தாகும் வரைக்கும் மாற்றாமல்.

"பொறகு காப்பு?" என்று ராத்தா கேட்டா.

"காரை வித்த காசில முதல் வாங்கினது காப்புத்தான். நான் போடல்ல. மகள்ட கலியாணத்துக்கு வெச்ச."

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்து ஜப்பான் கார்கள் வந்திறங்கின. பியட்டுக்குச் சாமான் கிடைக்கவில்லை, கதவுக்குக் கீழே தகடும் போய்விட்டது. 1979இல் வாப்பா விற்றார். ராத்தாவின் கலியாணம் 1982இல். அன்று போட்டுவிட்ட காப்பு இன்றும் ராத்தாவின் கையில்தான் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று அதுவரை ராத்தாவுக்குத் தெரியாது. அன்று ராத்தா ஒன்றும் பேசவில்லை. உம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. உம்மா அந்தக் காப்பைத் தடவிப் பார்த்து, "நல்ல காப்பு. எந்தக் கடையில எடுத்த?" என்று கேட்டா. அதற்குள் மறந்துவிட்டா.

மறுநாள் காலையில் அந்தக் கதை உம்மாவிடம் இல்லை. இரண்டு முறை கேட்டுப் பார்த்தோம். "எந்தக் காப்பு?" என்றா. பிறகு நாங்கள் கேட்கவில்லை. அறுபது வருடம் பூட்டிவைத்திருந்த ஒன்றை அல்லாஹ் ஒரே ஒரு அஸர் நேரம் திறந்து காட்டினான், அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ்.

அதனால்தான் இப்போது கொப்பி வைத்திருக்கிறோம். பாடசாலைப் பிள்ளைகளின் 80 பக்கக் கொப்பி. திகதி, பார்த்த படம், வந்த கார், உம்மா சொன்னது. இதுவரை ஒன்று முடிந்து இரண்டாவது பாதி. எழுதாவிட்டால் உம்மா சொன்னதை நாங்களும் மறந்துவிடுவோம், எங்களுக்கும் வயது போகிறது.

வீட்டில் இப்படி ஒரு பெரியவர் இருப்பவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்.

சோதனை வைக்காதீர்கள். "இது யார் தெரியுமா, பெயர் சொல்லுங்க பார்ப்போம்" என்று சுற்றி நின்று கேட்பது அவர்களுக்குப் பெரிய அவமானம். நாங்கள் வகுப்பில் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்பது மாதிரி அது. பொருளைக் காட்டுங்கள். காட்டிவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

எல்லாருக்கும் கார் இல்லை. ஒருவருக்குத் தையல் மெசினாக இருக்கும். ஒருவருக்கு வலை, ஒருவருக்கு வானொலிப் பெட்டி, ஒருவருக்குக் கப்பல் சங்கு. எது என்று தெரியவேண்டுமானால், எதைக் கண்டால் நிமிர்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ஃபோனைக் கீழே வைக்க வேண்டும்.

சரியான சாமானாக இருக்க வேண்டும். அண்ணளவாக இருந்தால் போதாது. மொரிஸ் மைனர் எங்கள் உம்மாவை எழுப்பவில்லை. கதவு மாறித் திறந்த பத்மினியும் எழுப்பவில்லை. நாங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் சண்டை பிடிப்பது அதற்காகத்தான். "எல்லாம் பழைய கார்தானே" என்று எங்களிடம் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1963க்கும் 1979க்கும் இடையில் திருமலையிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ எடுத்த கலியாணப் படம், பாடசாலைப் படம், பாதையடியில் நின்று எடுத்த படம் ஏதாவது உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். ஆட்களைப் பார்த்து முடிந்ததும் பின்னால் பாருங்கள். மாப்பிள்ளைக்குப் பின்னாலோ மரத்தடியிலோ பாதிக் கார் நின்றால், முன்கதவின் கைப்பிடி முன்பக்கம் இருக்கிறதா, பின்னால் செட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படத்தைக் கழற்ற வேண்டாம், இருந்தபடியே ஃபோனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எங்கள் கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் படமாவது கறையானுக்கும் கடலுக்கும் முந்தி ஒரு பிரதி ஆகிவிடும்.

இந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு படம் குறித்து வைத்திருக்கிறோம். ஒன்றில் கார் மூன்று செக்கன்தான் வருகிறது, ஆனால் கதாநாயகி முதுகைக் காட்டி இருந்து, பிறகு காலை உள்ளே எடுக்கிறா.

உம்மாவுக்காக ஒரு துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.